அப்பம்மாவின் சாளக்கிராமம்

இமயத்திலே வில் பொறித்த சேரனைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். “இமயமும் எரிமலையோ, சேர்?” என்றான் ஒரு மாணவன். எனக்கு விடை தெரியவில்லை. அன்றிரவே புவியியல் நூல்களைப் புரட்டினேன்.

அசையாதது என்று நாம் சொல்லும் நிலம் பெருந்தகடுகளாகப் பிரிந்து, ஏறத்தாழ விரல்நகம் வளரும் வேகத்தில் ஊர்கிறது. சுமாத்திராவிலும் யாவாவிலும் கடலடித் தகடு மற்றொரு தகட்டின் கீழே அமிழ்கிறது. அது சுமந்துசெல்லும் நீர் சுமார் 100 கிலோமீற்றர் ஆழத்தில் வெளியேற, அங்குள்ள சூடான பாறை எளிதில் உருகி மேலெழுகிறது. தீக்கு நீர் துணைபோகும் விந்தை இது! 1883இல் கிரக்கற்றோவா வெடித்தது இவ்வாறுதான். 2004 மார்கழியில் நம் கரைகளைச் சூறையாடிய ஆழிப்பேரலையும் அத்தகைய தகட்டு விளிம்பொன்று வழுக்கியதால் எழுந்ததே.

இமயத்தின் கதை வேறு. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே தெதிசு என்றொரு கடல் கிடந்தது. அதன் அடித்தளம் அமிழ்ந்த காலத்தில் அங்கும் எரிமலைகள் இருந்தன. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடியது, கண்டங்கள் மோதின. இரண்டும் பாரங்குறைந்தவை; கடலடித் தகடுபோல ஆழ அமிழ மாட்டா. எனவே மடிந்து, தடித்து, உயர்ந்தன. இன்று இமயத்தில் எரிமலை இல்லை.

அக்கடலின் சாட்சி எங்கள் பூசையறையிலேயே இருந்தது. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பல, அம்மோனைற்று என்னும் கடலுயிரின் சுவடு பதிந்த கற்கள். அப்பம்மா பால்வார்த்து வணங்கிய கல்லில் அந்தச் சுருள் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோனேன். வினாவியவன் அதைக் காதருகே வைத்துப் பார்த்தான்.