மலை உச்சியில் ஒரு பஞ்சு: நியம்கிரியில் பாக்சைட் ஏன் தோண்டப்படவில்லை?

2015ஆம் ஆண்டில் குவாந்தான் பக்கம் போய் வந்தவர்களுக்கு பாக்சைட் என்றால் என்னவென்று அதிகம் விளக்கத் தேவையில்லை. சாலை, லாரி, வீட்டுக் கூரை, காயப்போட்ட துணி எல்லாம் சிவப்பு. கடலோரமும் சிவந்தது. 2016 ஜனவரியில் அரசாங்கம் தற்காலிகத் தடை விதித்தது. நீங்கள் குடித்துவிட்டு எறியும் பான டின்னுக்கு மூலப்பொருள் அந்தச் சிவப்பு மண்தான். ஒரு டன் அலுமினியம் எடுக்க நான்கைந்து டன் பாக்சைட் வேண்டும்.

குவாந்தானில் தோண்டிய பிறகு தடை வந்தது. தோண்டும் முன்பே நின்றுபோன ஒரு திட்டத்தை இந்த வாரம் பார்ப்போம். இடம், இந்தியாவின் ஒடிசா மாநிலத்திலுள்ள நியம்கிரி மலை.

முதலில் மலையின் அமைப்பு. அடியில் இருப்பது கோண்டலைட் என்னும் பாறை. அந்த வட்டாரத்தில் வாழும் கோந்த் பழங்குடியினரின் பெயரையே புவியியலாளர்கள் அதற்கு வைத்தார்கள். வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்க, பாறையிலிருந்த சிலிக்கா பல இலட்சம் ஆண்டுகளில் கரைந்து போனது. எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் ஆக்சைடுகளாக உச்சியிலேயே தங்கிவிட்டன. அதனால்தான் அங்கே பாக்சைட் மலையின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கிறது.

கரைந்து போனவை விட்டுச்சென்ற துளைகள் வழியே மழைநீர் உள்ளே இறங்குகிறது. கீழே களிமண் தன்மையுள்ள அடுக்கு. நீர் அதைச் சுலபமாகக் கடக்க முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் ஊற்றாக வெளியே வருகிறது. வகுப்பில் இதைக் காட்ட, பாத்திரம் கழுவும் பஞ்சை ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து நீர் ஊற்றுவேன். ஊற்றுவதை நிறுத்திய பிறகும் விளிம்பில் சொட்டிக்கொண்டே இருக்கும். மழை நின்ற மாதங்களிலும் மலை ஓடைகள் ஓடுவது இப்படித்தான். வம்சதாரா ஆறு பிறப்பது இம்மலைத் தொகுதியில்தான்.

சரிவுகளில் ஏறத்தாழ 8,000 டோங்ரியா கோந்த் மக்கள் வாழ்கிறார்கள். சிறுதானியம், மஞ்சள், இஞ்சி, அன்னாசி, ஆரஞ்சு பயிரிடுகிறார்கள். மலை அவர்களுடைய தெய்வமான நியம் ராஜாவுக்கு உரியது. உச்சிக் காட்டை வெட்டுவதில்லை. இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள், மேலே சொன்ன பஞ்சை ஒருமுறை நினைத்துப் பார்க்கவும்.

அந்த உச்சியில் 7 கோடி டன்னுக்கும் அதிகமான பாக்சைட் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அதை எடுக்க ஏறத்தாழ 660 ஹெக்டேர் காட்டு நிலம் கேட்கப்பட்டது. அடிவாரத்தில் லாஞ்சிகரில், தொடக்கத்தில் ஆண்டுக்கு 10 இலட்சம் டன் அலுமினா தயாரிக்கும் திறனுடன் அமைந்த வேதாந்தா நிறுவனத்தின் ஆலை.

அனுமதி முறை இங்கேதான் சிக்கலானது. சுற்றுச்சூழல் அனுமதி வேறு, காட்டு நிலத்தைப் பயன்படுத்தும் அனுமதி வேறு. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் தனித்தனி விண்ணப்பங்கள். ஆலைக்கு 2004இலேயே சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது; 2007இல் உற்பத்தியும் தொடங்கியது. சுரங்கத்துக்கோ காட்டு அனுமதி முடிவாகவில்லை. அடுப்பைப் பற்றவைத்து உலையும் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அரிசியை எடுக்கலாமா என்று கேட்பதுபோல இது. இரண்டையும் ஒரே திட்டமாக மதிப்பிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு குறை அறிவியல் சார்ந்தது. துரித மதிப்பீடு எனப்படும் அறிக்கைக்கு ஒரே பருவத்தின் அளவீடுகள் போதும் என்ற நடைமுறை அங்கு இருந்தது. காற்றின் தூசுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஊற்றுக்குப் பொருந்தாது. மழைக்காலத்தில் எல்லா ஓடையும் நிரம்பித்தான் ஓடும். பஞ்சு வேலை செய்கிறதா என்பது கோடையில்தான் தெரியும்.

2006இல் இந்தியாவில் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் தலைமுறைகளாக வாழ்பவர்களின் உரிமையை அது ஏற்றது. அதன்படி மக்களின் உரிமைகள் தீர்க்கப்படவில்லை என்று என். சி. சக்சேனா தலைமையிலான குழு 2010இல் சுட்டிக்காட்டியது. அந்த ஆகஸ்டிலேயே, அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் காட்டு நிலத்துக்கான இறுதி அனுமதியை மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 ஏப்ரல் 18ஆம் நாள் வந்த தீர்ப்பு, சுரங்கம் மக்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்கிறதா என்பதை கிராம சபைகளே ஆராய வேண்டும் என்றது.

கிராம சபை என்பது ஊர்த் தலைவர்களின் கூட்டம் அல்ல. ஊரின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள். மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. இது போதாது என்று எதிர்ப்பு எழுந்தது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாவட்ட நீதிபதியின் மேற்பார்வையில் கூட்டங்கள் நடந்தன. 12 ஊர்களும் வேண்டாம் என்றன. ஒன்றுகூட மாறவில்லை. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சு சுரங்கத்தை நிராகரித்தது. கிராம சபைகளை மீண்டும் கூட்டக் கேட்ட மனுவை 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

அடிவாரத்து ஆலை மூடப்படவில்லை. வேறு இடங்களிலிருந்து பாக்சைட் வருகிறது. 2023இல் அதே வட்டாரத்தின் சிஜிமாலி மலையில் தோண்ட அதே நிறுவனம் முன்வந்தது. அங்குள்ள மக்களும் எதிர்க்கிறார்கள். அதுவும் உச்சியில் பாக்சைட் தொப்பி போட்ட மலைதான்.