திரையோரம் கசியும் ஒளி: இயல்பா, குறையா?

புதிய டேப்லெட் வாங்குவோரில் பலர் இப்போது ஒரு சடங்கைத் தவறாமல் செய்கிறார்கள். பெட்டியைப் பிரித்த அன்றிரவே அறையின் விளக்குகளை அணைத்து, முழுக் கறுப்பான ஒரு படத்தைத் திரையில் நிறுத்தி, ஒளிர்வை உச்சத்துக்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய திரையின் மூலைகளில் சாம்பல் நிறத்திலோ வெளிர் மஞ்சளாகவோ ஒரு மூட்டம் தெரிகிறது. சில திரைகளில் விளிம்பை ஒட்டி, கதவிடுக்கில் நுழையும் வெளிச்சம்போல் ஒரு கீற்று. இருபதாயிரமோ ஐம்பதாயிரமோ கொடுத்து வாங்கிய பொருள். பல வீடுகளில் முதல் தவணையே இன்னும் கட்டப்பட்டிருக்காது. மறுநாள் கடைக்குக் கொண்டுபோனால், 'எல்லாத் திரையும் இப்படித்தான் சார்' என்ற பதில் கிடைக்கிறது.

அந்தப் பதில் பெரும்பாலான நேரங்களில் உண்மை. எல்லா நேரங்களிலும் அல்ல. எங்கே அது உண்மை, எங்கே அது சாக்கு என்பதை வாங்கியவரே பிரித்தறிந்துவிட முடியும் என்பது என் கருத்து. அதற்கு அந்தத் திரை எப்படி இயங்குகிறது என்று சற்றே தெரிந்திருந்தால் போதும்.

விலை உயர்ந்த சிலவற்றை ஒதுக்கிவிட்டால், சந்தையில் உள்ள டேப்லெட்டுகளில் பெரும்பாலானவை எல்சிடி திரை கொண்டவை. இவ்வகைத் திரையில் உள்ள திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. திரையின் ஒரு விளிம்பில் வெள்ளை எல்இடி விளக்குகள் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றின் ஒளியை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பலகை வாங்கித் திரை முழுவதும் பரப்புகிறது. விளக்கின் அருகே ஒளி மிகுதியாகவும் தொலைவில் குறைவாகவும் இருக்கும் என்பதால், ஒளியை வெளியே சிதறவிடும் நுண்புள்ளிகளை விளக்கின் பக்கம் அரிதாகவும் எதிர்ப்பக்கம் நெருக்கமாகவும் பதிக்கிறார்கள். அந்தப் பலகையின் மேல், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு போலராய்டு தகடுகள். அவற்றுக்கு இடையே திரவப் படிகம். முதல் தகடு ஒளி அலைகளில் ஒரு திசையில் அதிர்பவற்றை மட்டும் அனுமதிக்கும். இரண்டாவது தகடு அத்திசையையே தடுக்கும். படிகம் மின்னழுத்தத்தால் திரும்பி, ஒளியின் அதிர்வை மாற்றிக்கொடுத்தால்தான் அது வெளியே வரும். ஆகவே, திரையில் கறுப்புத் தெரியும்போதும் பின்னால் விளக்கு முழு வீச்சில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

எந்தக் கதவும் முற்றிலும் இடுக்கின்றி மூடுவதில்லை. டேப்லெட்டுகளில் பரவலாகப் பயன்படும் ஐ.பி.எஸ். வகைத் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்று. ஒளிர்வை அளக்கும் அலகான நிட் கணக்கில் சொன்னால், வெள்ளை 500 நிட் என்றால் கறுப்பு அரை நிட். வெளிச்சமான அறையில் இது கண்ணில் படாது. விளக்கணைத்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து இருளுக்குப் பழகிய கண்ணுக்கோ அது நன்றாகவே தெரியும்.

அப்படியானால் மூலைகளில் மட்டும் ஏன் கூடுதலாகத் தெரிகிறது? ஒரு தாளில் பெரிய கூட்டல் குறி வரைந்து நேர் எதிரே வைத்துப் பாருங்கள். இரு கோடுகளும் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும். அதே தாளை ஒரு மூலையின் பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். செங்கோணம் குலைந்து, குறி சற்றுப் பெருக்கல் குறியைப்போல் நசுங்கித் தெரியும். இரு போலராய்டு தகடுகளுக்கும் இதே கதிதான். நேராகப் பார்க்கும் கண்ணுக்கு அவை சரியான குறுக்கில் நிற்கின்றன. மூலைவிட்டத் திசையில் சாய்ந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தக் குறுக்கு பிசகிவிடுகிறது. பிசகின வழியே ஒளி கசிகிறது. 11 அங்குல டேப்லெட்டின் மூலைவிட்டம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். அதை 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால், நடுப்பகுதியை நேராகப் பார்க்கும் நாம் மூலைகளை ஏறத்தாழ 25 டிகிரி சாய்வில் பார்க்கிறோம். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து பார்க்கும் 55 அங்குலத் தொலைக்காட்சியில் இச்சாய்வு 13 டிகிரிதான். முகத்தருகே பிடித்துப் பார்ப்பதால்தான் டேப்லெட்டில் மூலை மூட்டம் மிகுதியாகத் தெரிகிறது. ஈடுசெய்யும் மென்படலங்களை ஒட்டி இதைக் குறைக்கலாம்; அது செலவு. எனவே இது பொருளின் இயல்பு. அதே மாதிரியை எத்தனை முறை மாற்றி வாங்கினாலும் இதே மூட்டம் உடன் வரும்.

விளிம்பில் தெரியும் கீற்று வேறு வகை. ஏழு மில்லிமீட்டர் தடிமனுக்குள் கண்ணாடி, படிகம், பலகை, மின்கலம் எல்லாவற்றையும் அடுக்கிச் சட்டத்தில் பொருத்தும்போது ஓரிடத்தில் பசை தடித்தாலோ, சட்டம் சற்று அழுத்தினாலோ, அவ்விடத்தில் கண்ணாடியும் படிக அடுக்கும் வளைகின்றன. அங்கே தகடுகளின் தடுப்பு பலிப்பதில்லை. இது இயற்பியல் விதித்தது அன்று. பொருத்தியதில் நேர்ந்த பிசகு. ஒரே மாதிரியின் இரண்டு டேப்லெட்டுகளில் ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது.

இரண்டையும் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். டேப்லெட்டைக் கை நீளத்துக்கு அப்பால் கொண்டுபோய் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தால் போதும். நம் பார்வைக்கேற்ப நகர்ந்தும் சுருங்கியும் மறைந்தும் போவது மூலை மூட்டம். எப்படித் திருப்பினாலும் அதே இடத்தில் அதே வடிவில் நிற்பது கசிவு.

இந்த எளிய சோதனையை விட்டுவிட்டுப் பலர் செல்பேசிக் கேமராவை நம்புகிறார்கள். இவ்விஷயத்தில் அதைவிடப் பொய்ச்சாட்சி வேறில்லை. இருட்டான காட்சியைக் கண்டதும் கேமரா தானாகவே ஒளியை நீண்ட நேரம் சேகரித்து, படம் முழுவதையும் ஒரு நடுத்தரப் பிரகாசத்துக்கு உயர்த்திவிடும். அரை நிட் மூட்டம் படத்தில் காட்டுத்தீயாகத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து உறவினர் பதினைந்து பேர் பதறுவார்கள். நேரில் பார்த்தால், அந்தத் திரையில் பாடம் படிக்கும் மாணவிக்கு அப்படியொன்று இருப்பதே தெரிந்திராது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 லக்ஸ் வெளிச்சமுள்ள அறையில் வெள்ளைச் சுவர் ஏறத்தாழ 50 நிட் அளவுக்கு ஒளிரும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு, தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஆக, திரையில் தெரியும் சுவரின் பிம்பம் மட்டுமே 2 நிட். மூலையின் மூட்டம் ஒரு நிட்டாகவே இருந்தாலும் அந்தப் பிம்பத்துக்குள் மூழ்கிவிடும். பகலில் படிக்கவும், விளக்கொளியில் பாடம் கேட்கவும், குழந்தைகள் படம் வரையவும் வாங்கப்படும் டேப்லெட்டில் இதைப் பெருங்குறையாகக் கருதுவது வீண் கவலை என்றே நினைக்கிறேன்.

ஆனால் எல்லோரும் அப்படிப் பயன்படுத்துவதில்லை. திருமண வீடியோக்களைத் தொகுத்துத் தருவது என் தங்கை மகனின் தொழில். பகலெல்லாம் படப்பிடிப்பு, இரவில்தான் தொகுப்பு, நிறத்திருத்தம் எல்லாம். சென்ற ஆண்டு அவன் வாங்கிய டேப்லெட்டின் வலப்புற விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெளுப்பு. "மாமா, கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிற மாப்பிள்ளையோட தோள் இந்த ஓரத்துக்கு வந்தா வெளுத்துப்போகுது. அதைப் பார்த்து நான் குறைச்சா, வீட்டு டிவியில போட்டுப் பார்க்கிறவங்களுக்குக் கருகித் தெரியுது" என்றான். இரு வாடிக்கையாளர்கள் வேலையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். திரையைச் சாய்த்தோம், தள்ளிவைத்தோம், ஒளிர்வை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம். வெளுப்பு இடம் மாறவில்லை. கடையில் வழக்கமான பதில். சேவை மையத்திலும் அதே பதில்தான் தொடங்கியது. அங்கே காட்சிக்கு வைத்திருந்த அதே மாதிரியை அருகில் வைத்து, ஒரே படத்தை ஒரே ஒளிர்வில் இரண்டிலும் காட்டுமாறு கேட்டோம். காட்டிய பின் விவாதத்துக்கு இடமிருக்கவில்லை. மேசையிலிருந்த பணியாளர் மாற்றித் தருவதற்கான படிவத்தை எடுத்தார். காட்சிக்கு வேறொரு டேப்லெட் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

'இயல்பு' என்ற சொல்லை உற்பத்தியாளர்கள் எளிதில் கையாள்கிறார்கள். 2011-இல் ஆப்பிளின் ஐபேட் 2, 2014-இல் கூகுளுக்காக எச்டிசி தயாரித்த நெக்சஸ் 9 ஆகியவை விற்பனைக்கு வந்த சில நாள்களிலேயே ஒளிக்கசிவுப் புகார்கள் உலகெங்கும் எழுந்தன. 2021-இல் ஆறாம் தலைமுறை ஐபேட் மினியில் எழுத்துகளை மேலே நகர்த்தும்போது திரையின் ஒரு பாதி மற்றொன்றுக்குப் பின்தங்குவதாகப் புகார் வந்தபோது, அது எல்சிடி திரைகளின் வழக்கமான தன்மை என்று ஆப்பிள் பதிலளித்தது. தொழில்நுட்ப அளவில் அது பொய்யல்ல. ஆனால் அத்தன்மை எந்த அளவைத் தாண்டினால் குறையாகும் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

அளவு குறிப்பது இயலாத காரியமும் அல்ல. எரியாத புள்ளிகள் எத்தனை இருந்தால் ஒரு திரை எந்த வகுப்பில் சேரும் என்று ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற பன்னாட்டுத் தரம் வகுத்திருக்கிறது. எக்ஸ்ரே படங்களைப் பார்க்கும் மருத்துவத் திரைகளில், நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்த ஒளிர்வின் வேறுபாடு 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம் 2005-இல் வெளியிட்ட அறிக்கை பரிந்துரைக்கிறது. நாம் வாங்கும் டேப்லெட்டின் பெட்டியிலோ புள்ளிகளின் எண்ணிக்கை உண்டு, உச்ச ஒளிர்வு உண்டு. அந்த ஒளி எவ்வளவு சீராகப் பரவியிருக்கும் என்ற எண்ணை நான் பார்த்ததில்லை. இந்தியாவில் டேப்லெட்டுகளுக்குக் கட்டாயமான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவும் மின்பாதுகாப்புக்கானது. திரையின் தரத்தைப் பற்றி அது எதுவும் பேசுவதில்லை.

இந்த இடைவெளியில் வாங்கியவருக்குத் துணையாக இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி, சட்டம் வகுத்த தரத்துக்குக் குறைவது மட்டும் குறைபாடு ஆகாது. ஒப்பந்தத்தில் சொன்னதற்கும், வணிகர் எவ்வகையிலேனும் உரிமைகோரிய தரத்துக்கும் குறைவதும் குறைபாடே. திரைச் சீர்மைக்குச் சட்டத் தரம் இல்லாத நிலையில், இந்தக் கடைசிப் பகுதிதான் நமக்கு ஆதாரம். 'திரையரங்கத் தரம்', 'ஆழ்ந்த கறுப்பு' என்று விளம்பரம் செய்த நிறுவனம், விளிம்பு வெளுப்பதை இயல்பு என்று சொல்லி எளிதில் நழுவ முடியாது. ஆகவே விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்துப் பாதுகாப்பது நல்லது. இணையவழி வாங்கியவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் உண்டு. குறையுள்ள அல்லது விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம்.

தனித்தனிப் புள்ளிகளே ஒளிரும் ஓஎல்இடி திரை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள். பின்னொளியே இல்லாததால் கசிவும் இல்லை என்பது சரி. நெடுநேரம் அசையாது நின்ற படத்தின் தடம் பதிந்துவிடும் தொல்லை அதற்கு உண்டு. 2021-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் புரோ, பின்னொளியை 2,596 பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே மங்கச் செய்தது. அதிலும் கறுப்புப் பின்னணியில் வரும் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகப் புகார் எழுந்தது.

புகார் செய்வோர் சான்றையும் சரியாக எடுக்க வேண்டும். முழுக் கறுப்புப் படத்தை இருட்டறையில் எடுத்துக் காட்டினால் விவரம் தெரிந்தவர் அதை ஏற்க மாட்டார். நடுவில் ஒரு வெள்ளைச் சதுரமுள்ள கறுப்புப் படத்தைத் திரையில் வைத்து, அந்தச் சதுரத்தை அளவுகோலாகக் கொண்டு கேமராவின் ஒளியளவை நிறுத்தி எடுத்தால், கண் காண்பதற்கு நெருக்கமான படம் கிடைக்கும். அன்றாடம் பயன்படுத்தும் ஒளிர்விலேயே எடுப்பதும், டேப்லெட்டைச் சாய்த்தாலும் கீற்று நகராததை ஒரு சிறு காணொளியாகச் சேர்ப்பதும் பயன்தரும். திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் இவற்றைச் செய்துவிட வேண்டும்.

மேலே சொன்ன எதிலும் அடங்காத ஒரு நிலையும் உண்டு. வாங்கிப் பல மாதங்கள் கழித்து, முன்பில்லாத ஓர் ஒளித்திட்டு திடீரெனத் தோன்றி, திரையும் அவ்விடத்தில் சற்றே எழும்பியிருந்தால், உள்ளே மின்கலம் உப்பித் திரையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கலாம். அப்போது இயல்பா குறையா என்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. திரையை அழுத்திப் பார்க்காமல், டேப்லெட்டை அணைத்து, சார்ஜ் செய்வதை உடனே நிறுத்தி, சேவை மையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.