சேரும் இடத்தில் கவனம்

தகவல் துளி.

காஞ்சிபுரம் கோர்வைப் பட்டில் உடலும் கரையும் சேரும் இடத்தில்தான் நெசவாளரின் கண் நிற்கும். பிள்ளைகளே, ஆங்கிலத்தில் ஒப்பிட்டு எழுதும்போதும் அப்படித்தான். சொல்லோடு 'ஈ ஆர்', 'ஈ எஸ் டி' சேரும் இடத்தில்தான் எழுத்துப் பிழை வரும்.

மெல்லிய பட்டிழை 'தின்'. அதைவிட மெல்லியது 'தின்னர்'; இரண்டு 'என்'. ஆனால் 'க்ளீன்', 'க்ளீனர்' ஆகும்போது ஒரே 'என்'. ஏன்?

தமிழிலேயே விடை இருக்கிறது. கல் கல்லை ஆகிறது. கால் காலை ஆகிறது. தனிக்குறிலுக்குப் பின் மெய் இரட்டிக்கும், நெடிலுக்குப் பின் இரட்டிக்காது. ஆங்கிலத்திலும் அதே கதைதான்.

அதே காஞ்சிபுரத்தில் உள்ள 8ஆம் நூற்றாண்டுக் கைலாசநாதர் கோவில், ஏகாம்பரநாதர் கோவிலின் 1509ஆம் ஆண்டு ராஜகோபுரத்தைவிடப் பழையது, அதாவது 'ஓல்டர்'. 'ஓல்ட்' முடிவில் 'எல்', 'டி' என இரண்டு மெய் இருப்பதால் இரட்டிப்பு இல்லை.

ஜரிகை கூடினால் சேலை 'ஹெவி'. கடைசி 'ஒய்' போய் 'ஐ' வரும்: 'ஹெவியர்', 'ஹெவியஸ்ட்'.

இன்று வீட்டிலுள்ள இரண்டு சேலைகளைக் கையில் ஏந்திப் பாருங்கள். எது கனம்? சொல்லிக்கொண்டே எழுதுங்கள், மறக்காது.