கோட்டயத்திலிருந்து மெல்போர்ன் வரை: கூடைப்பந்தால் கடல் கடந்த கீது

நம் மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறார் என்றுதான் அர்த்தம். ஒரு பெண், அதுவும் பந்து விளையாடுவதற்காக அழைக்கப்பட்டுப் போனார் என்றால் நம்புவது கொஞ்சம் சிரமம். ஆனால் நமக்கு அருகிலுள்ள கேரளத்தின் கோட்டயத்திலிருந்து ஒருவர் அப்படிப் போனார். அவர் கீது அன்னா ஜோஸ்.

1985-ல் பிறந்தவர். உயரம் 6 அடி 2 அங்குலம். முதலில் கைப்பந்து ஆடியவர், பிறகு கூடைப்பந்துக்கு மாறினார். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக விக்டோரியா மாநிலத்தின் 'பிக் வி' லீக்கில் ஆடினார். ஆஸ்திரேலிய கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியப் பெண் இவரே.

இதற்குப் பின்னால் இருந்த ஒரு விஷயத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் கூடைப்பந்தை மட்டும் நம்பி ஒரு பெண் வாழ முடியாது. கிரிக்கெட்டைப் போல ஏலமும் கோடிகளும் இங்கே இல்லை. சோறு போடுவது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலைதான். அதில் பெரிய வாசல் ரயில்வே. கீதுவும் சென்னையில் தெற்கு ரயில்வே ஊழியர். கையில் நிரந்தர வேலை இருப்பவர், வெளிநாட்டில் சரியாக அமையாவிட்டாலும் திரும்பி வந்து நிற்க ஓர் இடம் உண்டு.

அமையாமல் போனதும் உண்டு. 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளான சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் மூன்றும் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. எதிலும் இடம் கிடைக்கவில்லை. இங்கே அண்ணாந்து பார்க்க வைக்கும் அந்த உயரம் அங்கே சாதாரணம். ஆனாலும் இந்திய அணியில் அவர் இடம் போய்விடவில்லை. 2014-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

'நம் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா?' என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை சர்வதேச விதியே குறுக்கே நின்றது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், ஹிஜாபைக் கழற்றச் சொன்னதால் கத்தார் பெண்கள் ஆடாமலே வெளியேறினார்கள். பள்ளிப் போட்டிகளில் 3,000 புள்ளிகளுக்கு மேல் குவித்த அமெரிக்க வீராங்கனை பில்கிஸ் அப்துல் காதிருக்கும் கல்லூரி முடிந்ததும் இதே விதிதான் ஐரோப்பிய வாய்ப்பை அடைத்தது. அவர் பலரோடு சேர்ந்து குரல் கொடுத்தார். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் விதியைத் திருத்தி, 2017 அக்டோபர் முதல் தலையை மறைத்து ஆட அனுமதித்தது. அவருக்குத்தான் அது தாமதமாக வந்தது.

ஆக, அந்தத் தடை இப்போது இல்லை. மீதி நம் வீட்டுக்குள் பேச வேண்டியவை: பத்தாம் வகுப்போடு பயிற்சியை நிறுத்துவதா, மாலையில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் வரை யார் கூட்டிப் போவது, சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துவது யார். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக 18 முதல் 25 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்த பிறகு யோசிக்கத் தொடங்கினால், தகுதிப் போட்டிகளில் ஆடி முடிக்கவே அந்த ஆண்டுகள் போதாது.