மூன்று காகிதமும் ஒரு எண்ணும்

"எங்க கொள்முதல் முழுக்க கம்ப்யூட்டர்லதான்" என்று ஒரு முதலாளி சொன்னால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: மெயிலில் வந்த பில்லைப் பார்த்து யாராவது திரும்ப டைப் அடிக்கிறார்களா? ஆமாம் என்றால், மிச்சமானது கொரியர் செலவு மட்டும்.

டீயைக் குடியுங்கள், விஷயம் ஒன்றும் கஷ்டமில்லை. கோவைப் பம்ப் கம்பெனி ஒன்றை வைத்துக்கொள்வோம். பவுண்டரிக்கு 500 இம்பெல்லருக்கு பி.ஓ., அதாவது கொள்முதல் ஆணை, போகிறது. சரக்கும் பில்லும் 500-க்கு வருகின்றன. சோதித்தால் 20-இல் புளோஹோல், அதாவது வார்ப்பில் காற்றுக் குழி. ஸ்டோர்ஸ்காரர் ஜி.ஆர்.என். எனும் சரக்கு வரவுச் சீட்டில் 480 என்று எழுதுகிறார். விலை பர்ச்சேஸ் ஃபைலில், எண்ணிக்கை ஸ்டோர்ஸில், பில் அக்கவுண்ட்ஸில். மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம். ஒத்துப்போகவில்லை என்பது தெரியவே மூன்று வாரம் ஆகும், அதுவரை பவுண்டரிக்காரருக்குக் கிடைக்கும் பதில், "பில் பிராசஸ்ல இருக்குங்க."

இந்த மூன்றையும் கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டால் நடப்பது இதுதான்: பி.ஓ. எண் ஒன்றே மூன்று இடத்திலும் ஓடும். 480 என்று பதிந்த அன்றே இடிப்பது தெரிந்து, 20-க்கு டெபிட் நோட் தயாராகும். மீதிப் பணம் அதற்காகக் காத்திருக்காது.

இதில் பாதி வேலையை ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை இறங்கிவிட்டது. ஆனால் பில்லில் இருக்கும் க்யூ.ஆர். கோடில் ஒவ்வொரு பொருளின் விவரமும் இருக்காது. இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை வகைப் பொருள் என்ற எண்ணிக்கை, அந்த அளவுதான். இ-இன்வாய்ஸ் படிவத்தில் பி.ஓ. எண்ணுக்கும் ஒரு கட்டம் உண்டு. கட்டாயமில்லை என்பதால் காலியாக விட்டாலும் பில் பதிவாகிவிடும். லட்சக்கணக்கில் மென்பொருள் வாங்கும் முன், சப்ளையர்களிடம் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள் என்பேன். செலவே இல்லாத வேலை.

ஜி.ஆர்.என்.-னின் தேதிதான் சிலரை உறுத்தும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு சப்ளையருக்குப் பணம் கொடுப்பது எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. இல்லாவிட்டால் 15 நாள்தான். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளிலிருந்தே கணக்கு. காகிதத்தில் அந்தத் தேதியைப் பத்து நாள் தள்ளிப் போடலாம். இணைந்த கணக்கில் கேட்டில் சரக்கு நுழைந்த நேரமே பதிவாகி நிற்கும். திருத்தினால் அதுவும் தெரியும். 2023–24 நிதியாண்டு முதல், குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் ஆடிட்டர் கேட்கப்போகும் முதல் பட்டியலே அதுதான்.