பிளாஸ்மா ஒளிபுகாமை ஆய்வில் எக்ஸ்-கதிர் நிறமாலைமானியின் பிழையும் திருத்தமும்

முன்னுரை

கதிரவனின் உட்பகுதியில் தோன்றும் கதிராற்றலை அங்குள்ள அணுக்கள் எவ்வளவு தடுக்கின்றன என்பதைக் குறிக்கும் அளவே ஒளிபுகாமை. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்திலுள்ள 'இசட்' எந்திரத்தில், ஜேம்ஸ் பெய்லி குழுவினர் இரும்பை 19 முதல் 23 இலட்சம் கெல்வின் வரை சூடாக்கி இதனை அளந்தனர். 2015இல் வெளியான முடிவின்படி, இரும்பின் ஒளிபுகாமை கோட்பாட்டுக் கணிப்பைவிட, அலைநீளத்திற்கேற்ப, 30 முதல் 400 விழுக்காடு வரை மிகுந்திருந்தது. இவ்வேறுபாடு மெய்யாயின் கதிரவன் பற்றிய கணிப்புகளையே திருத்த வேண்டும். எனவே, இது கருவியின் பிழையோ என்னும் வினா முதன்மை பெறுகிறது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிழை புகும் வழி

ஒளிபுகாமை நேரடியாக அளக்கப்படுவதில்லை. மாதிரியைக் கடந்து வந்த கதிரின் செறிவை, மாதிரியைக் கடவாத கதிரின் செறிவால் வகுத்து ஊடுருவல் விகிதம் பெறப்படுகிறது. அவ்விகிதத்தின் இயல் மடக்கையிலிருந்து ஒளிபுகாமை கணக்கிடப்படுகிறது. இவ்விரு செறிவுகளோடும் வேண்டாத பின்புலக் கதிர் கலந்துவிடுவதுண்டு. பிராக் விதிப்படி, ஓர் அலைநீளத்தைத் திருப்பும் அதே கோணத்தில் அதன் பாதி அலைநீளத்தையும் படிகம் திருப்பக்கூடும். படிகத்தின் ஒளிர்வு, சிதறிய கதிர், சூடான மாதிரியே உமிழும் கதிர் ஆகியனவும் சேரும்.

எடுத்துக்காட்டாக, மூலச் செறிவு 100, கடந்து வந்தது 40 எனக் கொள்வோம். உண்மை விகிதம் 0.40. இரண்டிலும் 5 அலகு பின்புலம் கலந்தால் விகிதம் 0.43 ஆகும், ஒளிபுகாமை ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்து தோன்றும். உண்மை விகிதம் 0.10 ஆயின், அதே பின்புலத்தால் குறைவு ஏறத்தாழ 16 விழுக்காடாகும். கதிர் மிகுதியாக உறிஞ்சப்படும் இடத்தில்தான் பிழையும் பெரிதாகிறது.

திருத்தும் முறைகள்

முதலாவது, வடிகட்டியால் முதன்மைக் கதிர் முற்றிலும் தடுக்கப்படும் அலைநீளப் பகுதியில் எஞ்சும் செறிவை அளந்து, அதனைப் பின்புலமாகக் கொண்டு கழித்தல். இரண்டாவது, வெவ்வேறு தடிப்புள்ள மாதிரிகளை ஒப்பிடுதல். ஒளிபுகாமை பொருளின் பண்பாதலால், தடிப்பு மாறினும் அது மாறலாகாது. மாறினால் பின்புலக் கழிப்பில் குறையுண்டு எனலாம். மூன்றாவது, வேறு தனிமங்களை அதே கருவியால் அளத்தல்.

முடிவுரை

கழிக்கப்படாமல் எஞ்சிய பின்புலம் ஒளிபுகாமையைக் குறைத்தே காட்டும். ஆதலின் இரும்பில் கண்ட மிகுதிக்கு அது காரணமாகாது. அளவுக்கு மீறிய கழிப்பே அத்தகைய மிகுதியைத் தரவல்லது. 2019இல் குரோமியமும் நிக்கலும் அதே முறையில் அளக்கப்பட்டபோது, கணிப்போடு ஒட்டுமொத்த வேறுபாடு இரும்பினும் குறைவாகவே இருந்தது. கருவியின் பொதுப் பிழையாயின் அது மூன்றிலும் ஒத்திருத்தல் வேண்டும். ஆயினும் ஒரே கருவியின் சான்று போதாது. லிவர்மோரில் லேசர் கொண்டு, வேறு நிறமாலைமானியால் நிகழ்த்தப்படும் அளவீடுகள் இதனாலேயே இன்றியமையாதனவாகின்றன.