மரை ஏறினால் மட்டும் போதாது

பழைய காருக்கு டிஸ்க் பிரேக் பொருத்த நினைப்பவர்கள் வட்டின் அளவு, காலிப்பரின் பிஸ்டன், சக்கரத்துக்குள் இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். குழாயின் முனையில் இருக்கும் சிறு நட்டைப் பற்றிய நினைப்பு கடைசி நாளில்தான் வருகிறது. மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் கார் 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் தயாரானது. இங்கிலாந்திலும் இலங்கையிலும் இன்றும் அதைப் பேணி ஓட்டுகிறவர்கள் பலர். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிதியிலிருந்து புறப்படும் ஆயில் ஒரே சுற்றில் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. எங்காவது ஓர் இணைப்பு விட்டுப்போனால் நான்கும் ஒன்றாகப் போய்விடும், மிஞ்சுவது கைபிரேக்தான். முன்சக்கரத்து டிரம்மில் இரண்டு ஷூக்களும் சக்கரத்தின் சுழற்சியாலேயே தம்மை மேலும் அழுத்திக்கொள்ளும் அமைப்பு உடையவை. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதனால் மாற்றத்துக்குப் பிறகு குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. எந்த இணைப்பைக் கடைசியில் யோசித்தோமோ அதன் மேல்தான் கூடுதல் பாரம் விழுகிறது.

அழுத்தம் எவ்வளவு என்பதைச் சாதாரணக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். அவசரத்தில் 50 கிலோ விசையோடு மிதிக்கிறோம், மிதியின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது, மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் குறுக்களவு 22 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 66 கிலோ. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்கு. இதைத் தடுத்து நிறுத்துவது மரை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தடுப்பது குழாயின் விரிந்த முனை, அதாவது ஃப்ளேர். அது துளையின் அடியில் இருக்கும் கூம்பான இருக்கையில் உலோகத்தோடு உலோகமாக அழுந்தி நிற்கிறது. மரையின் வேலை அந்த அழுத்தலைக் கொடுத்துக்கொண்டே இருப்பது. ஆகவே இரண்டும் தனித்தனியே பொருந்த வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால் அடுத்த முடிவும் தானாக வரும்: காரின் பெயரையோ நாட்டையோ ஆண்டையோ பார்த்து நட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஒவ்வொரு துளையையும் அளந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிக்கல் இங்கே வருகிறது. 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒப்புக்கொண்ட பொது மரை முறையில், ஒன்றரை நூல் பிரேக் குழாய்க்கு வழக்கமான நட் 3/8 அங்குலம், அதாவது மூன்று நூல். அங்குலத்துக்கு 24 மரை. ஐரோப்பிய, ஜப்பானியக் கார்களில் அதே தடிமன் குழாய்க்கு 10 மி.மீ. நட், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. மூன்று நூல் என்பது 9.525 மி.மீ., அதன் மரை இடைவெளி 1.058 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பிற்காலக் காரிலிருந்து எடுத்த காலிப்பரில் 10 மி.மீ. துளை இருந்து, மைனரின் பழைய குழாயில் மூன்று நூல் நட் இருந்தால், அந்த நட் துளைக்குள் ஏறும். ‘கையாலேயே ஏறுகிறதே, அப்படியென்றால் சரிதானே’ என்பது எளிதில் தோன்றும் எண்ணம். இந்த இடத்தில் அதை நம்பவே கூடாது. 10 மி.மீ. துளையின் உள்விட்டம் ஏறக்குறைய 8.9 மி.மீ. எனவே மரைகள் ஒன்றையொன்று கவ்வும் ஆழம் 0.3 மி.மீ.தான். சரியான ஜோடியில் அது 0.54 மி.மீ. தளர்வான அளவில் செய்யப்பட்ட உருப்படிகள் சேர்ந்துவிட்டால் பிடிப்பு இன்னும் வெகுவாகக் குறையும். அதோடு ஆறு மரை ஏறுவதற்குள் இரண்டு மரைகளுக்கும் 0.35 மி.மீ. விலகல் வந்து நட் இறுகத் தொடங்குகிறது. ஸ்பேனர் பிடித்தவர் ஃப்ளேர் உட்கார்ந்துவிட்டது என்று எண்ணுகிறார், ஆனால் அவர் உணர்ந்தது மரையோடு மரை உராயும் இறுக்கம். எதிர்த்திசையில் இந்த அபாயம் குறைவு. 10 மி.மீ. நட்டை மூன்று நூல் துளைக்குள் வலுக்கட்டாயமின்றி ஏற்ற முடியாது. எனவே எது ஏறவில்லையோ அதைவிட, எது தளர்வாக ஏறுகிறதோ அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்பேனரும் காட்டிக்கொடுக்காது. 7/16 அங்குலத் தலை 11.11 மி.மீ., ஆகவே 11 மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறைய அதற்கும் பொருந்துவதுபோல இருக்கும். நாட்டை வைத்து ஊகிப்பதும் ஆபத்து. 1923இல் மொரிஸ் வாங்கிய கோவென்ட்ரி ஹாட்ச்கிஸ் தொழிற்சாலையின் வழிவந்த எஞ்சின்களில் மரை மில்லிமீட்டரிலும் நட்டின் தலை விட்வொர்த் அளவிலும் இருந்தது. பிரிட்டிஷ் கார் என்றால் அங்குலம் என்று முடிவுகட்டியவர்களை அதே நிறுவனத்தின் எஞ்சினே பொய்யாக்கியிருக்கிறது.

மரை சரியாக அமைந்தாலும் இருக்கையை அது சொல்லாது. அமெரிக்க முறையில் குழாயின் முனை உள்ளுக்குள் மடிந்து இரட்டைச் சுவரோடு புனல்போல 45 பாகையில் விரிகிறது, துளையின் அடியில் கூம்பு மேலெழுந்து நிற்கிறது. ஐரோப்பிய முறையில் முனை உருண்டையாகப் புடைத்திருக்கிறது, துளையின் அடி உள்வாங்கியிருக்கிறது. மூன்று நூல் நட்டோடு அமெரிக்கர் முன்னதையும், பிரிட்டிஷார் பல இடங்களில் புடைத்த முனையையும் பயன்படுத்தினர். 10 மி.மீ. நட்டோடு ஐரோப்பியர் புடைத்த முனையையும், ஜப்பானியர் மடிந்த புனலையும் பயன்படுத்துகின்றனர். ஆகவே டார்ச் அடித்துத் துளைக்குள் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நடுவில் முனை எழுந்து நிற்கிறதா, குழி தெரிகிறதா என்று பார்த்தால் போதும். மரையை வெர்னியரால் அளக்கலாம். மூன்று நூல் நட்டின் வெளிவிட்டம் 9.5 மி.மீ.ஐத் தாண்டாது, 10 மி.மீ. நட்டின் விட்டம் பொதுவாக 9.8க்குக் குறையாது. துளையில் உள்விட்டம் 8.4 முதல் 8.6 வரை என்றால் அங்குலம், 8.9 முதல் 9.15 வரை என்றால் மில்லிமீட்டர். சில மரைகளே உள்ள நட்டில் இடைவெளியை எண்ணுவதைவிட விட்டத்தை அளப்பது நம்பகமானது.

அளந்த பிறகு இரண்டு முறைகள் சந்திக்கும் இடத்தில் என்ன செய்வது? கடையில் அடாப்டர் கிடைக்கிறது, அதை வைத்துவிடலாமே என்பார்கள். நல்ல அடாப்டர் தவறல்ல. ஆனால் ஒவ்வொரு அடாப்டரும் இன்னொரு இணைப்பு, இன்னொரு கசிவிடம், நடுங்கும் குழாயில் இன்னொரு கனமான முடிச்சு. அதைவிடச் சுத்தமான வழி உண்டு. ஒன்றரை நூல் குழாய் என்பது 4.76 மி.மீ., இரண்டு முறைகளின் நட்டும் அதே குழாயில் கோக்கும்படிதான் செய்யப்படுகின்றன. எனவே ஒரு முனையில் அங்குல நட்டும் அதற்குரிய ஃப்ளேரும், மறுமுனையில் மில்லிமீட்டர் நட்டும் அதன் ஃப்ளேரும் அடித்துப் புதுக் குழாய் செய்துவிடலாம், குழாயே பாலமாகிவிடும். நட்டைக் கோத்த பிறகே ஃப்ளேர் அடிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 90 பங்கு செம்பும் 10 பங்கு நிக்கலும் சேர்ந்த குழாய் இதற்கு ஏற்றது. வளைக்க எளிது, துருப்பிடிக்காது. வெறும் செம்பை விரும்புகிறவர்கள், மென்மையான உலோகம் தவறான இருக்கையிலும் நசுங்கி அடைத்துக்கொள்ளும் என்பார்கள். அடைக்கலாம், அன்றைக்கு. ஆனால் தொடும் வளையம் குறுகலானது, செம்பு வளைந்து நசுங்க நசுங்கக் கடினமாகும், ஒருமுறை கழற்றிப் பூட்டினால் கசியும். குழாய் நாடாவைச் சுற்றுவதும் வீண். ஃப்ளேர் அடைக்கும் இடத்துக்கும் அந்த நாடாவுக்கும் தொடர்பே இல்லை, அதன் துணுக்குகள் ஆயிலில் கலந்து சிறு வழிகளை அடைக்கலாம்.

மைனரில் இன்னொரு காரணமும் இணைப்புகளைக் கூட்டுகிறது. அதன் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தளத்துக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் காலிப்பர் மேலே இருக்கிறது, எனவே மிதியை விட்டதும் ஆயில் திரும்பி ஓடிவிடக்கூடும். டிரம்முக்காகச் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு, டிஸ்க்கில் பேடு உரசிக்கொண்டே இருக்கச் செய்யும். ஆகவே அதை நீக்கி, டிஸ்க்குக்கு 2 பி.எஸ்.ஐ. வால்வைக் குழாய் வழியில் பூட்டுகிறார்கள். அமெரிக்காவில் செய்யப்படும் இந்த வால்வுகள் பலவற்றில் 1/8 அங்குலக் கூம்பு மரை இருக்கிறது. அங்கே மட்டும் மரைதான் அடைப்பு. அதை ஃப்ளேர் துளை என்று எண்ணி நட்டைத் திருகாதீர்கள்.

வேலை முடிந்து காற்றை வெளியேற்றிய பின், ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, இன்னொருவரை ஒரு நிமிடம் முழு பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். துணியில் ஈரம் பட்டால் இறுக்கிப் பார்க்காதீர்கள். கழற்றி, மறுபடியும் அளந்து பாருங்கள்.